தம்பி ஒரு குழுவில் சேர்ந்துவிட்டான், எப்படி மீட்பது?

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 27 வயது. எஞ்சினியரிங் முடித்து, வேலைக்காக வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் அங்கே ஒரு ஆன்மிகக் குழுவில் சேர்ந்தான். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்க்கொண்டிருந்தவன், இப்போது வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் அங்கேதான் இருக்கிறான். சம்பளத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுக்கிறான். பழைய நண்பர்கள் யாரோடும் பேச்சு இல்லை. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, அன்றைக்கு அங்கே முகாமாம். அவர்களுடைய குரு சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று நான் கேட்டால் சிரிக்கிறான், இல்லையென்றால் போனை வைத்துவிடுகிறான். மூளைச்சலவை செய்துவிட்டார்கள், நாலு பேரைக் கூட்டிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார் அப்பா. அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. இவ்வளவு படித்தவன் எப்படி இதில் விழுந்தான்? எப்படி மீட்பது? இப்போது என்னையும் ஒருநாள் வந்து பார் அக்கா என்று கூப்பிடுகிறான். போகலாமா?

பதில்:

முதலில் அப்பாவைத் தடுத்து நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1970-களில் அமெரிக்காவில் இதையே ஒரு தொழிலாகச் செய்தார்கள். டெட் பேட்ரிக் என்று ஒருவர். பெற்றோர்கள் வந்து கேட்டுக்கொண்டால், வயது வந்த பிள்ளைகளை வழியில் மடக்கித் தூக்கிப்போய், ஏதாவது ஒரு அறையில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, நம்பிக்கை உடையும்வரை விடாமல் பேசுவார்கள். சிலர் மனம் மாறி வீட்டோடு இருந்துவிட்டார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு சிலரோ மாறியதுபோல் நடித்து, கதவு திறந்ததும் நேரே குழுவுக்கே ஓடினார்கள், பெற்றவர்களோடு உறவே முறிந்துபோனது. ஆள்களை அடைத்துவைத்த வழக்கில் பேட்ரிக் சிறைக்கும் போனார். வயது வந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தூக்கிவந்து பூட்டிவைப்பது குற்றம், செய்தது அப்பாவாகவே இருந்தாலும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. வெளியில் இருப்பவர்கள் நமக்கு எதிரி என்று அந்தக் குழுவில் யாராவது அவனிடம் சொல்லியிருந்தால், அதுவரை அவன் அதை முழுதாக நம்பாமல்கூட இருந்திருக்கலாம். அப்பா நாலு பேரோடு போய் நின்றால் அன்றைக்கு நம்பிவிடுவான்.

சரி, மூளைச்சலவைக்கு வருவோம். 1950-களில் கொரியப் போர்க் கைதிகளைப் பற்றி வந்த செய்திகளோடு பரவிய எண்ணம் இது. ஒரு மனிதனைப் பிடித்துவைத்து, அவன் மனதைத் துடைத்துவிட்டு, வேறொன்றை எழுதிவிடலாம் என்பது. பிறகு புதிய மதக் குழுக்களில் இளைஞர்கள் சேர ஆரம்பித்தபோது பெற்றோர்கள் இதே விளக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைமேலும் தப்பில்லை, நம்மேலும் தப்பில்லை என்று ஆகிவிடுகிற விளக்கம் இது ஒன்றுதான். லண்டனில் ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியலாளர் இதை எண்ணிக்கையாகவே எடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் மூளைச்சலவை என்றாலே எல்லோரும் கைநீட்டிய குழு, சன் மியுங் மூன் 1954-ல் கொரியாவில் தொடங்கிய யூனிஃபிகேஷன் சர்ச். 1979-ல் அவர்கள் லண்டன் பகுதியில் நடத்திய முகாம்களுக்குப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். பத்தில் ஒன்பது பேர் சேரவேயில்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு வருடத்துக்குள் வெளியேறிவிட்டார்கள். மனதைத் துடைக்கிற வித்தை ஒன்று உண்மையிலேயே அவர்கள் கையில் இருந்திருந்தால் இத்தனை பேர் எழுந்து வந்திருக்க முடியாது. அழுத்தமே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. தூக்கத்தைக் குறைப்பது, தனியாக யோசிக்க நேரம் விடாமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் பல இடங்களில் நடக்கிறது, அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் தம்பி ஏன் சேர்ந்தான் என்பதற்கு அதில் பதில் கிடைக்காது.

பதில் வேறு இடத்தில் இருக்கிறது, அதுவும் அதே யூனிஃபிகேஷன் சர்ச்சின் கதையில். 1960-களின் தொடக்கத்தில் ஜான் லோஃப்லண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள், சான் பிரான்சிஸ்கோ பகுதியில் சொற்ப ஆள்களோடு இருந்த அந்தக் குழுவோடு உட்கார்ந்து, யார் எப்படிச் சேருகிறார்கள் என்று பார்த்தார்கள். கொரியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணிதான் அமெரிக்காவில் அந்தக் குழுவை ஆரம்பித்தவர். மேடை போட்டுப் பேசிப் பார்த்தார், பத்திரிகைகளுக்கு அறிக்கை அனுப்பிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அவரிடம் முதலில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? அவர் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டுப் பெண்ணும், பக்கத்து வீடுகளில் இருந்த அவளுடைய தோழிகளும். அப்புறம் அவர்களுடைய கணவன்மார்களில் சிலர். அப்புறம் அந்தக் கணவன்மாரோடு வேலை பார்த்தவர்கள். ஆய்வாளர்கள் போய்ச் சேர்ந்த நேரம்வரை, முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆளைக்கூட அந்தக் குழுவால் இழுக்க முடிந்திருக்கவில்லை.

1965-ல் அவர்கள் எழுதியதன் சாரம் இதுதான். குழுவுக்குள் இருப்பவர்களோடு உள்ள நெருக்கம், வெளியில் இருப்பவர்களோடு உள்ள நெருக்கத்தை எப்போது மிஞ்சுகிறதோ அப்போது ஒருவர் சேருகிறார். கொள்கை பிடித்துப்போய்ச் சேர்ந்து, அப்புறம் நட்பு வளர்வது அபூர்வம். நட்பு முதலில் வருகிறது, கொள்கை அதன் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குழுவைப் பற்றி நன்றாகத் தெரிந்து, அதன் கருத்துகளை மணிக்கணக்காகப் பேசிக்கூட சேராமல் நின்றவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் வெளியில் உறவுகள் பலமாக இருந்தன. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் அந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள் எல்லோரும் தூரத்து ஊர்களில் இருந்தார்கள்.

இதைப் படிக்கும்போது உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரி நினைவுக்கு வருகிறதா?

இது அந்த ஒரு குழுவோடு நிற்கிற விஷயமும் இல்லை. மார்மன் சபை என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவின் பிரசாரகர்கள் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டுவதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். பழக்கமில்லாத வீட்டுக் கதவைத் தட்டினால் ஆயிரம் தடவையில் ஒரு தடவைதான் ஒருவர் சபையில் சேருகிறார். அதே பிரசாரகரை ஒருவர் முதன்முதலில் தன் நண்பர் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ சந்தித்தால், பாதிக்குப் பாதி சேர்ந்துவிடுகிறார்கள். ஸ்டார்க்கும் வில்லியம் பெயின்பிரிட்ஜும் 1980-ல் வெளியிட்ட கணக்கு இது. இரண்டு இடத்திலும் பிரசாரகர் சொல்கிற செய்தி ஒன்றேதான்.

எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன், இப்படிப்பட்ட முதல் நாள் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. ஆபீசில் பழகிய ஒருவர், சும்மா வந்து பாருங்கள் என்று அழைத்துப்போகிறார். வாசலில் ஒருவர் பேர் கேட்கிறார், எந்த ஊர் என்று கேட்கிறார், பக்கத்தில் உட்காருகிறார். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் மௌனம், ஒரு பேச்சு. பேச்சில் பாதி புரியாது, அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க ஆள் வேண்டும் என்று இவனையும் கூப்பிடுகிறார்கள், வந்த முதல் நாளே. அந்த நாற்காலி அடுக்குகிற பத்து நிமிடத்தை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். வந்துபோகிற ஆளாக இருந்தவன் அந்தப் பத்து நிமிடத்தில் வேலைக்கு உதவுகிற ஆளாகிறான், நாலு பேரோடு கை சேர்த்து ஒன்றைத் தூக்கியாயிற்று, கிண்டல் பேச்சு ஆரம்பித்தாயிற்று. அடுத்த வாரம் போகும்போது அதே மனிதர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முதுகு வலி என்றீர்களே, இப்போது எப்படி என்கிறார். ஆபீசில் ஒருவர்கூட அவனிடம் கேட்டிராத கேள்வி அது. நீங்களும் அம்மாவும் தினமும் போனில் கேட்டிருப்பீர்கள், ஆனால் போன் வேறு, பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் வேறு.

கூட்டமாகச் சேர்ந்து பாடும்போதும் ஒரே அசைவில் அசையும்போதும் உடம்பில் ஏறுகிற அந்தப் பரவசத்தைப் பற்றி பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-லேயே எழுதிவிட்டார், அது பொய்யில்லை, அதை அவன் உண்மையாகவே உணர்ந்திருப்பான்.

இப்போது அவனிடம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்ல மாட்டான். சின்ன வயதிலிருந்தே என் மனதில் ஒரு தேடல் இருந்தது, அதற்கு இங்கேதான் விடை கிடைத்தது என்பான். நீங்களோ, இவன் கிரிக்கெட்டைத் தவிர எதைத் தேடினான் என்று எரிச்சல்படுவீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. லோஃப்லண்டும் ஸ்டார்க்கும் இதையும் பார்த்தார்கள்: முன்பு மதத்தில் ஒரு அக்கறையும் இல்லாமல் இருந்தவர்கள் என்று இவர்களுக்கே நேரில் தெரிந்த ஆள்கள், சேர்ந்த பிறகு தங்கள் பழைய வாழ்க்கையை ஒரு நீண்ட தேடலாகச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குள் வந்தபிறகு பழைய நினைவுகளும் அந்தக் குழுவின் பாணியிலேயே வரிசைப்படுகின்றன. காதல் கல்யாணம் செய்தவர்கள் முதல் சந்திப்பைப் பற்றிச் சொல்வதும் இப்படித்தானே இருக்கிறது. எனவே அந்தக் கதையைத் திருத்தப் போகாதீர்கள்.

குருவின் பேச்சை ஒவ்வொன்றாக எடுத்து மடக்குவதையும் நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. நீங்கள் ஒரு வாக்கியத்தைத் தாக்குகிறீர்கள், அவனுக்கோ முதுகு வலியைப் பற்றிக் கேட்ட ஆளைத் தாக்குகிறமாதிரி இருக்கிறது. நீங்கள் வாதத்தில் ஜெயித்தால்கூட, ஜெயித்த அன்று சாயங்காலம் அவனுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை.

படித்தவன் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு இதற்குத் தடுப்பு கிடையாது. 1995 மார்ச் 20-ம் தேதி டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்யோ குழுவில் வேதியியல், இயற்பியல் படித்தவர்கள் முக்கியப் பொறுப்புகளில் இருந்தார்கள், அன்றைக்கு வாயுவைப் பரப்பியவர்களில் ஒருவர் இதய அறுவைச் சிகிச்சை மருத்துவர். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அப்படிப்பட்ட குழுக்கள் மிக மிகக் குறைவு. அறிவு குறைந்ததால்தான் ஒருவர் சேருகிறார் என்ற எண்ணத்தோடு நீங்கள் பேசினால், அந்த ஏளனம் உங்கள் குரலில் தெரியும், அவன் அதைக் கேட்டுவிடுவான்.

அடுத்து பணமும் நேரமும். இவ்வளவு கேட்கிறார்களே, அதனாலேயே அவன் சலித்துப்போய் வந்துவிடமாட்டானா என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நடப்பது பெரும்பாலும் நேர்மாறாக. லாரன்ஸ் ஐயனக்கோன் என்ற பொருளாதார அறிஞர் 1994-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார், எனக்கு இன்றுவரை அதுதான் சரியாகப் படுகிறது. அதிகம் கேட்கிற குழுவில் அரைமனதோடு இருப்பவர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள், விலகிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் முழுமனதோடு பாடுபவர்கள், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி முழுக்க உட்காருபவர்கள். அதனால் உள்ளே இருப்பவனுக்குக் கிடைப்பதும் அதிகம். அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டில் தோன்றிய கூட்டுவாழ்க்கைக் குடியிருப்புகளை ரிச்சர்ட் சோசிஸ் ஆராய்ந்தபோதும் இதுவே தெரிந்தது: மத அடிப்படையில் அமைந்தவற்றில், உறுப்பினர்களிடம் அதிகக் கட்டுப்பாடுகளையும் தியாகங்களையும் கேட்டவை அதிக காலம் நீடித்தன. ஆகவே, உன்னைச் சுரண்டுகிறார்கள் என்று நீங்கள் சொல்லும்போது அவன் சிரிப்பது திமிரில் இல்லை. கொடுப்பதைவிடப் பெறுவது அதிகம் என்றுதான் அவன் கணக்கு சொல்கிறது, இன்றைய தேதிக்கு அது சரியாகவும் இருக்கலாம்.

இருக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேயூன் லிம், ராபர்ட் பட்னம் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் மற்றவர்களைவிட வாழ்க்கையில் திருப்தியாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அங்கே அவர்களுக்கு இருக்கும் நண்பர்கள் என்று கண்டார்கள். தவறாமல் போயும் அங்கே நண்பர்கள் இல்லாதவர்களுக்கு அந்தக் கூடுதல் திருப்தி கிடைக்கவில்லை. உங்கள் தம்பி போன வருடத்தைவிட இப்போது நன்றாகத் தூங்குகிறானா, முகம் தெளிந்திருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொள்கை விசித்திரமாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், வெளியே நின்று பார்த்தால் எல்லா மதமும் விசித்திரம்தான். வெளியேறும் வழிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் பீப்பிள்ஸ் டெம்பிள் 1950-களில் தொடங்கியபோது, கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார்ந்து வழிபட்ட சபை அது, பசித்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள், முதியோர் இல்லங்கள் நடத்தினார்கள். நல்லவர்கள் நல்லதைப் பார்த்துத்தான் அதில் சேர்ந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வழியாக மூடப்பட்டது. வீட்டையும் சொத்தையும் சபைக்கு எழுதிக்கொடுத்தார்கள். அடுத்து நாட்டைவிட்டே கிளம்பி தென் அமெரிக்காவில் உள்ள கயானாவின் காட்டுக்குள் குடியேறினார்கள். அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். 1978 நவம்பர் 18-ல் ஜோன்ஸின் உத்தரவால் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் விஷத்தால், செத்தார்கள், அதில் சுமார் முந்நூறு பேர் குழந்தைகள். கடைசி நாளில் மனம் மாறியவர்கள்கூட இருந்தார்கள், போவதற்குத்தான் வழி இல்லை.

உங்கள் தம்பி சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்கிறான், வேலையில் இருக்கிறான், அக்காவை வந்து பார் என்று கூப்பிடுகிறான். வழிகள் திறந்தேதான் இருக்கின்றன. வேலையை விடச் சொன்னால், கடன் வாங்கிக் கொடுக்கச் சொன்னால், அடையாள ஆவணங்களை வாங்கி வைத்துக்கொண்டால், மருந்தை நிறுத்தச் சொன்னால், வீட்டோடு பேச யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருந்தால், யாரோ ஒருவருடைய கோபத்துக்கு எல்லோரும் பயந்து நடந்தால், உடனே எனக்கு எழுதுங்கள். அடி, பாலியல் தொல்லை, மிரட்டல் என்று எதுவாவது இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், போலீசுக்குப் போங்கள். பழைய நண்பர்களோடு பேச்சில்லை என்று எழுதியிருப்பது மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. அது அவனாக விட்டதா, விடச் சொன்னார்களா என்று மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவரிடம் நீங்களே பேசி, ஒரு நாள் அவனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், சினிமாவுக்கோ மேட்ச் பார்க்கவோ, குழுவைப் பற்றி வாயே திறக்காமல்.

மீட்பது என்று கேட்டிருந்தீர்கள். அவன் அங்கேயே பல வருடம் சந்தோஷமாக இருந்துவிடலாம், அப்படி இருந்தால் நீங்கள் அதற்கும் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். வெளியே வந்தால் எப்படி வருவான் என்பதற்கு ஹெலன் ரோஸ் எபாவின் ஆய்வு உதவும். அவரே கன்னியாஸ்திரீயாக இருந்து வெளியே வந்து சமூகவியல் பேராசிரியர் ஆனவர், இப்படி ஒரு வாழ்க்கையை விட்டு வந்தவர்கள் பலரிடம் பேசி 1988-ல் எழுதினார். முதலில் சின்னதாக ஒரு சந்தேகம் வருகிறது. அதை யாரிடம் சொல்வது என்று ஆள் பார்க்கிறார்கள். கேட்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து அது வளர்கிறது அல்லது அடங்குகிறது. பிறகுதான் வெளியே நமக்கு என்ன இருக்கிறது என்று எடை போடுகிறார்கள். அந்தச் சந்தேகத்தை அவன் சொல்லக்கூடிய ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். அப்போதே சொன்னேனே என்று ஆரம்பிக்காமல் கேட்கிற ஆளாக. இப்போதே வாரத்தில் ஒரு போன், அதில் குழுவைத் தவிர மற்றதெல்லாம்: அவன் வேலை, சமையல், சின்ன வயதுச் சண்டைகள். கல்யாணத்துக்கு வராததை மறுபடி எடுக்காதீர்கள். அம்மா அழுவதைப் போனில் சொல்லாதீர்கள், அவன் குற்ற உணர்ச்சியில் போன் எடுப்பதையே நிறுத்துவான். அம்மாவையும் பேசச் சொல்லுங்கள், அழாமல் பேச முடிகிற நாளில்.

கடைசிக் கேள்வி, போகலாமா. கண்டிப்பாகப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பி வர உங்கள் ஏற்பாட்டிலேயே வண்டி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்க வேண்டாம், எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம், கேட்டால் அடுத்த தடவை பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பேச்சைக் கேட்பதைவிட மனிதர்களைப் பாருங்கள். அவனை முதலில் அழைத்துவந்தவர் யார் என்று கேட்டு அவரோடு பேசுங்கள். நீங்கள் ஏதாவது கேட்டால் தம்பி தானாகப் பதில் சொல்கிறானா, வேறு யார் முகத்தையாவது பார்த்துவிட்டுச் சொல்கிறானா? பத்து நிமிடம் உங்கள் இருவரையும் தனியாக விடுகிறார்களா? நன்கொடைக் கணக்கை உறுப்பினர்கள் பார்க்க முடியுமா என்று வெகுளியாகக் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வராதவர்கள் யாராவது இருக்கிறார்களா, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று. ஓ, அவரா, வேலை மாறிப் போய்விட்டார், போன மாதம்கூடப் பேசினோம் என்று பதில் வந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். துரோகி, விழுந்துபோனவன், அவன் பேரை இங்கே எடுக்காதீர்கள் என்று வந்தால், அந்த வார்த்தைகளை அப்படியே குறித்துவைத்து எனக்கு அனுப்புங்கள்.

கூட்டம் முடிந்ததும் தம்பியை வெளியே சாப்பிட அழைத்துப்போங்கள், அவன் நண்பர்கள் இரண்டு பேர் கூட வந்தாலும் சரி. எப்படி இருந்தது என்று கேட்பான். பிடித்ததை முதலில் சொல்லுங்கள், உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது பிடித்திருந்தால். பிடிக்காதது ஒன்று மட்டும், சுருக்கமாக. கிளம்புவதற்கு முன் அடுத்து எப்போது பார்க்கலாம் என்று தேதி முடிவு செய்துவிட்டு வாருங்கள், அந்தத் தடவை அம்மாவையும் கூட்டிப்போகலாம்.